டேங்கிலிருந்து கீழ்நோக்கி: பழைய புல்லட்டில் வால்பாறைக்கு நான்கு நாள்

ஆகஸ்ட் 14, 2025, வியாழன். திருச்சி முதல் பழனி வரை

காலை ஆறரைக்குக் கிளம்பினோம், நானும் அக்கா மகனும். வண்டி அப்பா வாங்கிய புல்லட். 346 சிசி, இரும்பு பேரல், காற்றிலேயே சூடு ஆறும் இன்ஜின், வலது காலில் கியர். மூன்று வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்ததை ஜூலையில் வெளியே எடுத்துச் சரிசெய்து, ஊருக்குள் ஒரு மாதம் ஓட்டிப் பார்த்திருந்தேன். ஒரு தடவைகூட நின்றதில்லை. அந்த நம்பிக்கையில்தான் வால்பாறை.

ஊர் எல்லையில் டேங்கை வாய்வரை நிரப்பினோம். லிட்டர் 101 ரூபாய்க்கு மேல். வெயில் ஏறுவதற்குள் திண்டுக்கல் போய்விடலாம் என்று கணக்கு.

மணப்பாறைக்குச் சில கிலோமீட்டர் முன்னால் வண்டி இரண்டு தடவை இருமியது. முறுக்க முறுக்க வேகம் குறைந்தது. பிறகு ஓசையில்லாமல் நின்றுவிட்டது. கிக்கரை எத்தனை தடவை உதைத்தும் ஒன்றுமில்லை. வேப்பமரத்தடியில் தள்ளி நிறுத்திப் பத்து நிமிடம் உட்கார்ந்தோம். பிறகு உதைத்தால் முதல் உதையிலேயே எழுந்தது!

மணப்பாறையில் ஒரு மெக்கானிக் கேட்டவுடனே சொன்னார்: “கண்டன்சர்ணே. சூடானா செத்துரும், ஆறினா உசுரு வரும்.” அவர் சொன்னது தப்பில்லை. பிளக்கில் பொறி வரவைக்கும் மின்பாகங்களான கண்டன்சரும் காயிலும் போகும்போது அப்படியேதான் நடக்கும். 160 ரூபாய்க்கு மாற்றிக் கொடுத்தார். பக்கத்துக் கடையில் முறுக்கு வாங்கிக்கொண்டு கிளம்பினோம். வையம்பட்டி தாண்டுவதற்குள் மறுபடியும் அதே இருமல், அதே மௌனம்.

இந்தத் தடவை ஒரு டீக்கடை வாசலிலேயே நின்றது நல்லதாகப் போயிற்று. கடைக்காரர் ஒன்றும் கேட்காமல் பெஞ்சை இழுத்து நிழலில் போட்டார். டீ பன்னிரண்டு ரூபாய், இஞ்சி தூக்கலாக இருந்தது. மாப்பிள்ளை பங்க்கின் மேல் சந்தேகப்பட்டான்.

“மாமா, பெட்ரோல்ல தண்ணி கலந்துட்டானுங்களோ?”

“பாத்துருவோம். முதல்ல பிளக்கைக் கழட்டு.”

இன்ஜின் நின்ற உடனே பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது முக்கியம். ஆறவிட்டுப் பார்த்தால் அந்தச் சாட்சி போய்விடும். பிளக் நனைந்திருந்தால் பெட்ரோல் வந்திருக்கிறது, நெருப்பு வரவில்லை என்று பொருள். உலர்ந்திருந்தால் பெட்ரோலே வரவில்லை. எங்கள் பிளக் காய்ந்து கிடந்தது. அதை இன்ஜினின் மேல்பகுதியான ஹெட்டின் மேல் வைத்து உதைத்தபோது பொறி நீலமாக, பலமாக அடித்தது. ஆக, மின்சாரத்தின் பக்கம் போக வேண்டியதே இல்லை. மணப்பாறையிலேயே இதைச் செய்திருக்க வேண்டும்.

அடுத்து, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் கார்புரேட்டரில் கை வைக்காமல், அதற்குள் போகும் பெட்ரோல் டியூபை மட்டும் உருவி ஒரு கண்ணாடி பாட்டிலில் விட்டோம். டேங்கின் அடியில் இருக்கும் பெட்ரோல் டேப் திறந்துதான் இருந்தது. நூல் மாதிரி கொஞ்சம் வந்தது, சொட்டாயிற்று, நின்றது. டேங்கோ நிறைய இருக்கிறது. பாட்டிலில் விழுந்ததை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அடியில் தண்ணீர் தனியாகப் பிரியவில்லை, கலங்கலும் இல்லை. பங்க் மேல் குற்றமில்லை. கோளாறு கார்புரேட்டருக்கு மேலே எங்கோ இருக்கிறது.

டேங்க் மூடியைத் திருகினேன். ‘உஸ்’ என்று காற்று உள்ளே இழுத்தது. அதே நொடியில் டியூபிலிருந்து பெட்ரோல் கொட்டத் தொடங்கியது. டீக்கடைக்காரர் சத்தமாகச் சிரித்து, “மூச்சு முட்டிருக்கு வண்டிக்கு” என்றார்.

புல்லட்டில் பெட்ரோல் பம்ப் கிடையாது. டேங்க் மேலே, கார்புரேட்டர் கீழே. பெட்ரோல் தன் எடையிலேயே இறங்கும். இறங்கிய அளவுக்கு மேலே காற்று புகுந்தாக வேண்டும். அதற்குத்தான் மூடியில் ஒரு சிறு துளை. ஜூலையில் மூடியின் பழைய வாஷர் நொறுங்கியதால் ரப்பர் ஷீட்டில் நானே ஒன்று வெட்டிப் போட்டிருந்தேன். அது அந்தத் துளையின் மேல் படிந்திருந்தது. ஓரமாக ஏதோ கொஞ்சம் காற்று கசிந்து உள்ளே போயிருக்கும். ஊர்ச் சுற்றலுக்கு அது போதும். நெடுஞ்சாலையில் ஒரே சீராக எழுபதில் இழுத்தால் போதாது. இன்னொன்றும் அப்போது புரிந்தது. ஊருக்குள் எப்போதும் கால் டேங்க், அரை டேங்க்தான். டேங்கில் காற்றுக்கு நிறைய இடம் இருந்தால் கொஞ்சம் பெட்ரோல் இறங்கினாலும் உள்ளே இழுவிசை பெரிதாக ஏறாது. வாய்வரை நிரப்பினால் காற்று ஒரு டம்ளர் அளவுதான். சீக்கிரமே பெட்ரோலைப் பிடித்து நிறுத்திவிடும்.

வாஷரில் துளைக்கு நேராக பிளேடால் சிறு சதுரம் வெட்டி எடுத்தேன். அவ்வளவுதான் வைத்தியம். கடைக்காரர் டீக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார். அவருடைய பாட்டிலை நாசம் செய்ததற்குக் கொடுத்ததைத் தொடவில்லை.

திண்டுக்கல்லில் சீரகசம்பா பிரியாணி. சின்னச் சின்னத் துண்டுக் கறி, மிளகுக் காரம், இரண்டு பேருக்கும் 520 ரூபாய். பசிக்கு அது கொஞ்சமும் அதிகமாகத் தெரியவில்லை. பழனி வரை வண்டி ஒரு இடத்திலும் முக்கவில்லை. கறி சாப்பிட்டிருந்ததால் மலை ஏறவில்லை. விளக்கு ஏற்றிய மலையை அடிவாரத்தில் நின்று கும்பிட்டுவிட்டு, 900 ரூபாய் அறையில் படுத்தோம்.

ஆகஸ்ட் 15, வெள்ளி. பழனி முதல் பொள்ளாச்சி வரை

விடியற்காலையில் பெட்ரோல் வாடை என்னை எழுப்பியது. ஜன்னலுக்குக் கீழேதான் வண்டி. கார்புரேட்டரின் வழிவுக் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்து தரை நனைந்திருந்தது. இரவு களைப்பில் டேப்பை மூடாமல் வந்துவிட்டேன். லாட்ஜ் வாட்ச்மேன் பெரியவர் எங்களுக்கு முன்பே கவனித்திருக்கிறார். பீடியை அணைத்துத் தூர எறிந்துவிட்டு, வண்டியைச் சுற்றி மணலைப் போட்டுக் காவலுக்கு நின்றிருந்தார். “எழுப்பிருப்பேன் தம்பி, அசந்து தூங்குறீங்கன்னு விட்டுட்டேன். டேப்பை நானே மூடிட்டேன்” என்றார்.

முதலில் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பார்த்தேன். வழியும் பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி ஆயிலில் கலந்துவிட்டால், ஆயில் தண்ணியாகி பேரிங்குகளைத் தின்றுவிடும். நல்லவேளை, வாடை இல்லை.

சுதந்திர தினம் என்பதால் ஸ்பேர் கடைகள் எல்லாம் அடைப்பு. இருப்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். பெரியவர் இரண்டு ஐந்து லிட்டர் எண்ணெய் டின்களும் ஒரு எவர்சில்வர் தட்டும் கொண்டுவந்தார். வீட்டுத் தட்டு, வேண்டாமென்றாலும் கேட்கவில்லை.

கார்புரேட்டரின் அடிக் கிண்ணத்தில் நான்கு திருகாணிகள். கழற்றித் தட்டில் கவிழ்த்தால் செங்கல்பொடி மாதிரி ஒரு படிவு. துரு. கிண்ணத்தில் பெட்ரோல் நிறைந்து ஃப்ளோட் என்ற மிதவை ஏறும்போது ஒரு சின்ன ஊசி மேலே போய்ப் பெட்ரோலை அடைக்க வேண்டும். அந்த ஊசியின் உட்காரும் இடத்தில் ஒரு துருத் துணுக்கு மாட்டியிருந்தது. கண்ணுக்குத் தெரிவதே கஷ்டம். அது போதும், இரவு முழுக்க ஒழுக.

துரு எங்கிருந்து வந்தது? மூன்று வருடம் பாதி காலியாகக் கிடந்த டேங்க். மேல்பாதித் தகரம் ஈரக்காற்றில் துருப்பிடித்திருக்கிறது. இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், பழைய படிவுகளைக் கரைத்துக் கிளப்பிவிடும். நேற்று எழுபது எண்பதில் டேங்க் அதிர்ந்ததும் சேர்ந்திருக்கும். கார்புரேட்டரை மட்டும் கழுவி மாட்டினால் நாளைக்கே திரும்ப வரும். மேலிருந்துதான் தொடங்க வேண்டும்.

டேங்கிலிருந்த ஒன்பது லிட்டரையும் டின்களில் இறக்கினோம். டேப்பைக் கழற்றினால் அதன் சல்லடையில் பாதி காணோம், மீதியில் துரு அப்பியிருந்தது. டேப்பில் இரண்டு வழிகள். மெயின் வழி டேங்கின் அடியிலிருந்து சற்று உயரமான ஒரு குழாய் வழியாக எடுக்கும். ரிசர்வ் அடிமட்டத்திலிருந்து எடுக்கும். தண்ணீரும் துருவும் தங்குவது அடிமட்டத்தில்தான். பழைய வண்டியை ரிசர்வில் போட்டதும் முக்கினால் சந்தேகம் முதலில் இங்கே போக வேண்டும். கொஞ்சம் பெட்ரோலை விட்டு டேங்கைக் குலுக்கிக் குலுக்கி மூன்று தடவை அலசிக் கொட்டினோம். முதல் அலசல் டீ நிறத்தில் வந்தது, மூன்றாவது தெளிந்தது.

பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள ஜெட்டுகளைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம். பைலட் ஜெட்டில் துளை தெரியவில்லை. மாப்பிள்ளை ஊக்கு ஒன்றை நீட்டினான்.

“அது வேண்டாண்டா. ஜெட் பித்தளை. ஊக்கு இரும்பு. துளை ஒரு மயிரிழை பெருசானாலும் கதை முடிஞ்சது.”

விளக்குமாற்றிலிருந்து ஒரு தென்னை ஈர்க்கைச் சீவி மெல்ல விட்டு எடுத்தேன். பிறகு வாயால் ஊதி, பெட்ரோலில் அலசி, மறுபடி ஊதினேன். வட்டமாக வெளிச்சம் தெரிந்தபோது இருவருமே சிரித்தோம்.

சல்லடைக்கு மாற்று இல்லை. பெரியவரின் பழைய வேட்டித் துண்டை நான்காக மடித்து, டின் பெட்ரோலை அதில் வடிகட்டி டேங்கில் ஊற்றினோம். அந்த நேரத்தில் எதிர்ப் பள்ளியில் கொடியேற்றம் முடிந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஒரு சிறுவன் எங்கள் கறுத்த கைகளைப் பார்த்துவிட்டு, கையில் கொடுக்காமல் வண்டி சீட்டின் மேல் இரண்டு ஆரஞ்சு மிட்டாய்களை வைத்துவிட்டு ஓடினான்.

பதினொன்றரைக்குக் கிளம்பினோம். அக்காவுக்குப் பஞ்சாமிர்தம் வாங்கிக்கொண்டோம். உடுமலைப்பேட்டையை நெருங்கியதும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பிடித்துக்கொண்டது. சாலையின் இரு புறமும் காற்றாலைகள் சுற்ற, வண்டியைச் சாய்த்தே ஓட்ட வேண்டியிருந்தது. பொள்ளாச்சி மெஸ்ஸில் அரிசியும் பருப்புஞ்சாதமும் நெய்யும், ஆளுக்கு 110 ரூபாய். பரிமாறிய அம்மா, “ஏங்கண்ணு, இந்தக் காத்துல வண்டியிலயா வந்தீங்க? இன்னுங் கொஞ்சம் போட்டுக்கங்க” என்று கேட்காமலே கரண்டியைச் சாய்த்தார்.

ஆனால் வண்டி முழுதாகச் சரியாகவில்லை. நிற்கவில்லை, ஒழுகவில்லை, பாதி ஆக்சிலேட்டரில் மட்டும் ஒரு சுணக்கம், மூடும்போது சைலன்சரில் பட்பட்டென்று வெடிப்பு. பிளக் வெளுத்திருந்தது. லீனாக ஓடுகிறது, அதாவது காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் இல்லை. தண்ணீர் ரேடியேட்டர் இருக்கும் இன்ஜின் இதைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். காற்றில் ஆறும் இரும்பு இன்ஜின் பொறுக்காது. அதற்கு உள்ளே போகும் பெட்ரோலும் சூடு தணிக்கும் பொருள்தான். அது குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். நாளைக்கு ஏற வேண்டியதோ நாற்பது கொண்டை ஊசி வளைவு.

ஆக்சிலேட்டரைத் தொடாமல் ஐடிலில் ஓடவிட்டு, கார்புரேட்டரும் ஹெட்டும் சேரும் இடத்தில் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தேன். அங்கே காற்று கசிந்தால் சத்தம் மாறும். மாறவில்லை. பாதி ஆக்சிலேட்டரில் ஓட்டிக்கொண்டே கலவையில் பெட்ரோலைக் கூட்டும் சோக்கைக் கொஞ்சமாகப் போட்டபோது சுணக்கம் மறைந்தது. லீன்தான், சந்தேகமில்லை. ஆனால் இருட்டிவிட்டது. ஒரே நாளில் இரண்டாவது தடவையாக அவசரத்தில் திறக்க மனம் வரவில்லை. மெதுவாக ஏறிப் பார்ப்போம், சூடானால் திரும்பிவிடுவோம் என்று படுத்துவிட்டோம்.

ஆகஸ்ட் 16, சனி. வால்பாறை

ஆழியாறு சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்தார்கள். காவலர், “சார், மேல மழை, பாத்துப் போங்க. குரங்குக்கு எதுவும் குடுக்காதீங்க” என்றார். விடுமுறைக் கூட்டம். பேருந்துக்குப் பின்னால் இரண்டாவது கியரில் ஊர்ந்தோம். வேகமில்லாவிட்டால் இன்ஜின்மேல் காற்றும் இல்லை, அதனால் ஐந்தாறு வளைவுக்கு ஒரு முறை நிறுத்தி ஆறவிட்டேன். ஒன்பதாவது வளைவில் பாறைமேல் ஒரு வரையாடு எங்களைப் பார்த்துக்கொண்டே அசை போட்டது. கீழே ஆழியாறு அணை வெள்ளித் தகடு மாதிரி கிடந்தது.

மேலே போகப் போக வண்டி நன்றாக ஓடியதுதான் என்னால் நம்ப முடியாதது. முப்பதாவது வளைவில் சுணக்கம் இல்லை. நாற்பதாவதில் வெடிப்பும் இல்லை. எஸ்டேட் சாலையில் புல்லட் அதன் பழைய தாளத்தில் தட்டிக்கொண்டு போயிற்று, அப்பா ஓட்டும்போது கேட்ட அதே சத்தம். மாப்பிள்ளை என் தோளைத் தட்டி, “தானா சரியாயிருச்சு மாமா!” என்றான். தானாகச் சரியாவது எனக்கு நிம்மதி தருவதில்லை. காரணம் தெரியாத கோளாறு திரும்பி வரும்.

மழை, மூடுபனி, புதுத்தோட்டம் பக்கம் மரத்தின் மேல் சிங்கவால் குரங்குக் கூட்டம். சூடான பஜ்ஜி நான்கு நாற்பது ரூபாய். அறை வாடகை மட்டும் விடுமுறை விலை, 1,800. இரவு தகரக் கூரையில் மழை கொட்டும்போதுதான் விடை வந்தது.

பெட்ரோல் ஒரு பங்கு எரிய எடைக்கணக்கில் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கே போதும். 20 சதவீதம் கலந்தால் தேவைப்படும் காற்று 13.5 அளவுக்கு வந்துவிடும். அதாவது, பழைய பெட்ரோலுக்கு என்று அளவெடுத்த ஜெட்டுக்கு இன்றைய பெட்ரோலில் கலவை இயல்பாகவே லீன். வால்பாறை ஆயிரம் மீட்டருக்கு மேலே. அங்கே காற்று சுமார் பத்து சதவீதம் மெலிந்தது. கார்புரேட்டருக்கு அது தெரியாமல் கிட்டத்தட்ட பழைய அளவிலேயே பெட்ரோலை விடும், கலவை கொஞ்சம் ரிச்சாகும், அதாவது காற்றுக்குப் பெட்ரோல் கூடும். கீழே எத்தனால் குறைத்ததை மேலே மலை ஈடுகட்டியிருக்கிறது! மாப்பிள்ளையை எழுப்பிச் சொன்னேன். “அப்ப நாளைக்கு இறங்குனா திரும்பப் போயிருமா?” என்று கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துக்கொண்டான்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு. இறக்கம்

போனது. ஆழியாறு தாண்டிச் சமவெளி தொடங்கியதும் அதே சுணக்கம், அதே பட்பட். எனக்கு அப்போது வந்தது சந்தோஷம்தான். நினைத்தது சரியாக இருந்தது.

கார்புரேட்டரில் எதைத் தொடுவது என்பதற்கு, எந்த அளவு திறப்பில் கோளாறு என்று தெரிய வேண்டும். ஆக்சிலேட்டர் பிடியிலும் அதன் கூட்டிலும் காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரித் துண்டுகளை ஒட்டி, மூடியது, கால், அரை, முக்கால், முழுசு என்று பேனாவால் கோடு போட்டோம். மாப்பிள்ளை ஓட்டினான், நான் பின்னால் உட்கார்ந்து கோட்டைப் பார்த்தேன். காலுக்கும் முக்காலுக்கும் நடுவில்தான் சுணக்கம். அது நீடில் என்ற இன்னொரு கூம்பு ஊசி பெட்ரோலை அளக்கும் எல்லை. அதற்குக் கீழே பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும், அதற்கு மேலே மெயின் ஜெட். நேற்று முன்தினம் பொள்ளாச்சியில் பொறுமை இழந்து ஏர் ஸ்க்ரூவைத் திருகியிருந்தால், சரியாக இருந்த ஐடிலையும் கெடுத்திருப்பேன்.

புளியமர நிழல். இன்ஜின் ஆற அரை மணி நேரம். அந்த வழியே தேங்காய் ஏற்றிப் போன ஆட்டோக்காரர் நிறுத்தி, “ஏனுங்க, தள்ளணுமுங்களா?” என்று கேட்டார். வேண்டாமென்றதும் இரண்டு இளநீரை வெட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். காசு நீட்டிய கையைப் பார்க்கவேயில்லை.

கார்புரேட்டரின் மேல்மூடியைத் திருகி ஆக்சிலேட்டரோடு ஏறி இறங்கும் ஸ்லைடோடு நீடிலை வெளியே எடுத்தோம். நீடிலின் தலையில் வரிசையாகக் காடிகள்; நடுக்காடியில் ஒரு கிளிப். கிளிப்பை ஒரு காடி கீழே இறக்கினால் நீடில் அதே அளவு மேலே தூக்கி நிற்கும், பெட்ரோல் கூடுதலாகப் போகும். முதல் தடவை செய்பவர்கள் இந்த இடத்தில்தான் திசையைக் குழப்பிக்கொள்வார்கள். கிளிப் கையிலிருந்து தெறித்தால் புல்லில் தேடி எடுக்க முடியாது என்று மாப்பிள்ளை தன் துண்டை விரித்து, அதன் மேல்தான் கழற்றவே விட்டான். ஒரே ஒரு காடி. வேறு எதையும் தொடவில்லை.

உதைத்தேன். அரை ஆக்சிலேட்டரில் பொள்ளாச்சி வரை ஒரே இழுவை, ஒரு தட்டல்கூட இல்லை. ஓடும்போதே இன்ஜினை நிறுத்தி ஓரம் கட்டி பிளக்கைப் பார்த்தோம். வெளுப்பு போய், பால் அதிகம் விட்ட காபி நிறம் வந்திருந்தது.

பழனியில் லாட்ஜ் வாசலில் நிறுத்தி, அந்தப் பெரியவருக்கு ஒரு புது வேட்டி கொடுத்தோம். 350 ரூபாய் வேட்டி. அவர் அதை வாங்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முதலில் குனிந்து கார்புரேட்டருக்கு அடியில் விரலை வைத்துப் பார்த்தார். விரல் காய்ந்திருந்தது.

டேப் சல்லடை இன்னும் பாதிதான். முழு ஆக்சிலேட்டரில் மெயின் ஜெட் எப்படி என்று இன்னும் சோதிக்கவில்லை. அதை அடுத்த வாரம் பார்க்க வேண்டும். ஒட்டன்சத்திரத்திலிருந்து திருச்சி வரை மாப்பிள்ளைதான் ஓட்டினான். வையம்பட்டி வந்ததும் நான் சொல்வதற்கு முன்பே அந்த டீக்கடை வாசலில் நிறுத்தினான்.